சீட்டில்லாத காற்று

திருப்பூரில் துணி உலர்த்த வெளிநாட்டுக் காற்றுக்கு வேலைச் சீட்டு வேண்டும். உள்ளூர்க் காற்றுக்குப் பேச்சே சீட்டு. சீட்டில்லாத வெளிநாட்டுக் காற்று பிடிபட்டால் காற்றை ஒன்றும் செய்யமாட்டார்கள். வேலைக்கு வைத்த முதலாளிமேல்தான் நடவடிக்கை.

செங்கோடனின் சாயப்பட்டறையில் அப்படி ஒன்று இருந்தது. கடல் தாண்டி வந்தது. எண்ணூறு பனியனை ஒரே மணி நேரத்தில் உலர்த்தும். ஒன்றிலும் சுருக்கம் இருக்காது. உள்ளூர்க் காற்று டீ குடிக்கப் போனால் சாயங்காலம்தான் திரும்பும். இது போய்விட்டால் பட்டறையை மூட வேண்டியதுதான்.

அதனால் அவரே அதற்குப் பேச்சுப் பழக்கினார். உள்ளூர்க் காற்று ‘ஊ’ என்று வீசாது. மரியாதையாக ‘ஊங்’ என்றுதான் வீசும். மூன்றே மாதத்தில் அது பல்லடத்தில் பெண் கேட்கப் போகிற அளவுக்குத் தேறிவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை அமலாக்க அதிகாரி மரகதவல்லி வந்தார். ஈரப் பனியனை மோந்தே காற்றின் தாலுகாவைச் சொல்லிவிடுவார் என்று பேர்.

“எந்த ஊருங்க?” என்று காற்றைக் கேட்டார்.

“காங்கேயமுங்.”

“அங்க எங்க?”

“மாரியம்மன் கோயில் வேப்பமரத்துலீங்.”

செங்கோடன் மனசுக்குள் விசிலடித்தார். அதிகாரி நோட்டை மூடி எழுந்தார். அந்த நேரம் பார்த்துப் பஞ்சுத் துகள் ஒன்று காற்றின் மூக்கில் ஏறியது.

“அச்சுங்!”

மரகதவல்லி மறுபடி உட்கார்ந்து செங்கோடனைப் பார்த்தார்.

“ஏனுங்ண்ணா, நம்மூர்ல நாயைக்கூட ‘போங்க’ம்போம். தும்மலுக்கு யாருங்க மரியாதை குடுக்கறாங்க?”

செங்கோடனுக்குக் கைதட்டத் தோன்றியது. தட்டினார்.

“என்ன காதுங் மேடம் உங்களுக்கு!”

“நீங்களும் சும்மா சொல்லக்கூடாது, நல்லாத்தான் பழக்கியிருக்கீங்க” என்றபடி உத்தரவை எழுதினார். சீட்டில்லாதது வேலையாளாக இருக்கக் கூடாது. முதலாளியாக இருக்கத் தடையில்லை. பட்டறை காற்றின் பேருக்கு மாறியது. காற்றின் வேலை செங்கோடனுக்கு வந்தது.

“எங்க, ஊதுங்க பாப்போம்” என்றார் அதிகாரி.

செங்கோடன் ஊதினார். நாற்பது பனியன் கொடியோடு கிளம்பிப் பக்கத்துப் பட்டறையில் இறங்கின. புது முதலாளி ஒரு ஓரமாக ஒதுங்கி நின்றது.

“துணிக்கு இது ஜாஸ்திங்கண்ணா” என்று செங்கோடனுக்கு மாற்றல் சீட்டு எழுதி முத்திரை குத்தினார் மரகதவல்லி. “பாலக்காட்டுக் கணவாய்ல ஆடி மாசத்துக்கு ஆள் பத்தலை. அங்க போயிருங்க.”

“சாப்பாடு கொண்டு போகோணுங்களா?”

“சாப்பாடு அங்கயே குடுப்பாங்க. திரும்பறப்போ சாரலை மட்டும் மறக்காம கொண்டாந்துருங்க.”

செங்கோடன் சாரல் பிடித்துவரத் தன் சாப்பாட்டுத் தூக்குப்போசியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். எதற்கும் இருக்கட்டும் என்று முதலாளியிடம் இன்னொன்று கேட்டு வாங்கிக்கொண்டார்.