மறுபடி ஓட்டினால் பச்சை

"இன்னொரு தடவை ஓட்டுங்க அண்ணி, பச்சை வந்துரும்," என்றான் கொழுந்தன். அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். திரும்பிப் பார்க்காமலே அவன் நகம் கடிப்பது தெரிந்தது.

கணினியில் சோதனையை மறுபடி ஓட்டினாள். பச்சை வந்தது. அதுதான் அவளை உறுத்தியது. காலையில் முதல் தடவை சிவப்பு, பிறகு பச்சை, மறுபடி சிவப்பு, இப்போது பச்சை. அவன் எழுதிய, ஓர் எழுத்துகூட மாறாத நிரல், நேரத்துக்கு ஒரு பேச்சுப் பேசினால் எப்படி நம்புவது?

லிஃப்ட்களை இயக்கும் மென்பொருள் செய்யும் கம்பெனி அது. அவளுக்கு அங்கே கோடவுன் அக்கா என்று பெயர். நிரல் எழுதுகிறவர்கள் கட்டி அனுப்பும் பேக்கேஜ்கள் எல்லாம் அவள் பராமரிக்கும் ரெப்போ என்ற கிடங்கில்தான் வந்து சேரும். புதிதாக வருவது டெஸ்டிங் அடுக்கில் உட்காரும். தானியங்கிச் சோதனைகள் அதைப் புரட்டி எடுக்கும்; தேறினால் பச்சை, தவறினால் சிவப்பு. எல்லாம் பச்சை என்றால் அவள் அதை ஸ்டேபிள் அடுக்குக்கு ஏற்றுவாள். ஏற்றிவிட்டால் அவ்வளவுதான், எங்கெங்கோ ஆஸ்பத்திரிகளிலும் அடுக்குமாடிகளிலும் இருக்கிற லிஃப்ட்கள் அதை எடுத்துக்கொண்டு ஓடத் தொடங்கிவிடும். விதிப்படி ஒரு பச்சை போதும். சிவப்பு வந்தால் மறுபடி ஓட்டுவது அங்கே எல்லாருக்கும் கைவந்த கலை. சோதனை மெஷின் அசந்திருக்கும் என்பார்கள். பாதி நேரம் அது உண்மையும்கூட. அவளே எத்தனையோ முறை அப்படிப் பச்சை வாங்கியிருக்கிறாள்.

ஆனால் இந்தச் சிவப்பு வந்தது, மூடுகிற கதவுக்கு நடுவே கை வந்தால் கதவு திறக்கிறதா என்ற சோதனையில்.

"மெஷின் ஸ்லோ அண்ணி, வேற ஒண்ணுமில்ல. சாயங்காலத்துக்குள்ள ஸ்டேபிள்ல ஏறலைன்னா மேனேஜர் என்னைக் கன்ஃபர்ம் பண்ண மாட்டாரு. பொண்ணு வீட்டுல அதுக்குத்தான் காத்துட்டு இருக்காங்க."

தெரியாமலா? பெண் பார்க்கப் போன இடத்தில், "எங்க சின்னவனுக்கு வேலை நிரந்தரம் ஆகப்போகுது" என்று வாய் நிறையச் சொன்னதே அவள்தான். மதியம் கணவன் வேறு போன் செய்திருந்தான். "அவன் எழுதுனதை நீயே நிறுத்திட்டன்னு அம்மா காதுக்குப் போனா, நாம அந்த வீட்டுல இருந்தாப்பலதான்." ஏற்றினால் சொந்தக்காரனுக்குச் சலுகை என்று ஆபீஸ் பேசும், ஏற்றாவிட்டால் வீடு பேசும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. பேசுகிறவர்கள் பேசட்டும் என்று விட்டுவிடலாம். இவன் முகத்தை எப்படிப் பார்ப்பது? பயமாகத்தான் இருந்தது.

"ஏன் சிவப்பு வருதுன்னு பார்த்தியா?"

"பார்த்தேன். ஒண்ணும் கிடைக்கல."

"கிடைக்கலையா, தப்பே இல்லையா?"

அவன் நகம் மறுபடி வாய்க்குப் போனது. அவள் எழுந்தாள்.

"நம்ம பில்டிங் லிஃப்ட் டெஸ்டிங் அடுக்குல இருந்துதானே எடுக்குது? அப்ப காலையிலிருந்து உன்னோடதுதான் ஓடுது. வா."

ஊருக்கு அனுப்புமுன் நாமே ஏறிப் பார்க்க வேண்டும் என்பது அந்தக் கம்பெனி வழக்கம். வராந்தாவில் லிஃப்ட் காலியாக வந்து நின்றது. கதவு திறந்தது, கொஞ்சம் காத்திருந்தது. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கதவு மூடத் தொடங்கியது. இடைவெளி ஒரு சாண் ஆனபோது அவள் கையை நீட்டினாள்.

அவன் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். இழுத்த வேகத்தில் அவள் தோள் சுவரில் மோதியது. டம்ளரைக்கூட அண்ணி கை படாமல், அவள் மேசைமேல் வைத்த பிறகே எடுத்துக்கொள்கிறவன் அவன். கதவு மூடிக்கொண்டது.

"திறந்திருக்கும் அண்ணி," என்றான் மூச்சிரைக்க. "சத்தியமா திறந்திருக்கும்."

சொல்லும்போதும் அவன் பிடியை விடவில்லை. கீழே யாரோ பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும், அவன் எழுதிய நிரலோடு லிஃப்ட் இறங்கத் தொடங்கியது.