உறைந்து நின்ற பச்சைக் கோடு

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஐரின் சோதனைப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினாள். குழந்தை மூச்சு விடுவதுபோல டேப்லெட்டுக்குச் சமிக்ஞை அனுப்புகிற பெட்டி அது. ஒயர் போனதும் திரையில் ஓடும் பச்சைக் கோடு படுத்துவிட வேண்டும். படுக்கவில்லை. கடைசியாக வரைந்த அலை அப்படியே உறைந்து நின்றது. எவ்வளவு நேரமாக நிற்கிறதென்றே தெரியவில்லை.

ஈஜிபுராவில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்த அந்தக் கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறவள் அவள் ஒருத்திதான். குறைமாதக் குழந்தைகளின் மூச்சைக் காட்டும் ஆறு டேப்லெட்டுகள் திங்கட்கிழமை டாக்டர் வீணாவின் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கோட்டை வரைகிற பகுதி அவள் எழுதியதல்ல. யாரோ எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் போட்டுவைத்த புரோகிராம் தொகுப்பு; லைப்ரரி என்பார்கள். எட்டு மாதத்துக்கு முன் நாலைந்தைப் பார்த்தவள், அலை வழுக்கிக்கொண்டு போகிற அழகில் மயங்கி ஒரே மதியத்தில் இதை எடுத்துவிட்டாள். அதில் யாரும் கைவைத்து இரண்டு வருஷமானது அன்றைக்கே கண்ணில் பட்டது. குறையில்லாததால் தொடவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டாள்.

இப்போது அந்தப் பக்கத்தைத் திறந்தாள். டேப்லெட்டின் புது அப்டேட்டுக்குப் பிறகு படம் உறைந்துபோகிறது என்று போன வருஷமே ஒருவர் புகார் எழுதியிருந்தார். கீழே பதினோரு பேர், "எனக்கும்." பதில் ஒன்றுகூட இல்லை. லைப்ரரியை எழுதியவருக்கு மெயில் போட்டாள். தானியங்கிப் பதில் வந்தது: இதை விட்டுவிட்டேன், விருப்பமிருந்தால் நீங்களே எடுத்து நடத்துங்கள்.

அடுத்தவர் எழுதிய ஆயிரக்கணக்கான வரிகளுக்குள் மூன்று மணி நேரம் துழாவினாள். ஒன்றும் பிடிபடவில்லை.

முதலாளி ஹரிஷ்குமார் பின்னால் வந்து நின்றார். "அரைமணிக்கு ஒருவாட்டி தானா ரீஸ்டார்ட் ஆகற மாதிரி பண்ணிடும்மா. இப்போதிக்கு ஓடட்டும்."

அதையும் செய்தாள். இரண்டு முறை ஓடியது. மூன்றாம் முறை இருபத்திரண்டாவது நிமிஷத்திலேயே உறைந்தது.

"சார், குழந்தைக்கு மூச்சு நின்னாக்கூட இதுல தெரியாது. தூரத்துல இருந்து பாக்கற நர்ஸுக்கு எல்லாம் நல்லா இருக்கற மாதிரிதான் இருக்கும்."

"டாக்டர் வீணாகிட்ட நான் என்னன்னு சொல்றது?"

"நான் சொல்றேன் சார். இதை எடுத்தது நான்தானே."

போனில் டாக்டர், "ஹேளி ஐரின், சொல்லு," என்றார் உற்சாகமாக. திங்கட்கிழமை டேப்லெட்டுகள் வராது என்று கேட்டதும் குரல் மாறிவிட்டது. "பத்து குழந்தைங்க, நாலு மிஷின். மிச்ச ஆறு பேருக்கும் நர்ஸுங்க பக்கத்துல நின்னு மூச்சை எண்ணிட்டிருக்காங்க. உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியும் டாக்டர்."

போன் துண்டிக்கப்பட்டது. ஐரின் படிக்கட்டில் போய் உட்கார்ந்து அழுதாள்.

பிறகு வேறு லைப்ரரி தேட உட்கார்ந்தாள். இந்த முறை அலையின் அழகைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு லைப்ரரியிலும் முதலில் புகார்ப் பட்டியலைத் திறந்தாள். கேட்டவர்களுக்கு யார் பதில் சொல்கிறார்கள், எத்தனை நாளில் சொல்கிறார்கள் என்று பார்த்தாள். ஒன்று ஏறக்குறையப் பிடித்துப்போனது. ஆனால் எல்லாத் திருத்தமும் ஒரே ஆளின் பெயரில் இருந்தது. அவரும் ஒருநாள் போய்விட்டால்? மூடிவிட்டாள். கடைசியில் எடுத்த லைப்ரரி வரைந்த கோடு கரும்பலகையில் சாக்பீஸால் இழுத்தது மாதிரி தடியாக இருந்தது. ஆனால் ஏழு பேர் சேர்ந்து பார்த்துக்கொள்கிறார்கள். நாலு நாளைக்கு முன்தான் திருத்தியிருந்தார்கள். அதே அப்டேட் பற்றி வந்த புகாரை ஒரே வாரத்தில் சரிசெய்திருந்தார்கள்.

மாற்றி எழுதப் பத்தொன்பது நாள் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்குக்கூட அவள் போகவில்லை. சாப்பிட உட்கார்ந்தால், நின்றபடியே எண்ணிக்கொண்டிருக்கும் நர்ஸுகள் நினைவுக்கு வந்தார்கள். பிறகு மூன்று நாள் நிறுத்தாமல் ஓடவிட்டு, நினைத்தபோதெல்லாம் ஒயரைப் பிடுங்கிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் கோடு படுத்தது.

டாக்டர் வீணா டேப்லெட்டை வாங்கிப் பார்த்தார். சிரிக்கவில்லை. "ரெண்டு மட்டும் வெச்சுட்டுப் போ. மத்ததை அப்புறம் பாக்கலாம்."

அது நியாயம்தான் என்று ஐரினுக்குப் பட்டது. ஆபீசுக்குத் திரும்பி, தன் புரோகிராம் நம்பியிருக்கும் மற்ற லைப்ரரிகளின் பெயர்களை வரிசையாக எழுதினாள். பதினாலு வந்தது. முதலாவதின் பக்கத்தைத் திறந்து, நேராகப் புகார்ப் பட்டியலுக்குப் போனாள்.