ஒன்பதாம் பக்கம், பதினான்காம் வரி

எங்கள் மாவட்ட நீதிமன்றத்தில் இருபத்திரண்டு வருடமாக நான் சுருக்கெழுத்தாளர். அறையில் யார் வாய் திறந்தாலும் என் விரல் ஓடும். அழுகை, பெருமூச்சு, தலையாட்டல் எதையும் நானாக எழுதக்கூடாது. வாயால் சொன்னது மட்டும்தான் பதிவு.

அந்தப் புதன்கிழமை காலை டார்லீன் ஸ்கீன்ஸை ஆரஞ்சு உடையில், கைவிலங்கோடு கூட்டி வந்தார்கள். முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தவள். அங்கே மருந்து வண்டியிலிருந்து வலி மாத்திரைகள் காணாமல் போன அன்று வண்டிச் சாவி அவளிடம் இருந்தது; திருட்டுப் பழி அவள் மேல் விழுந்தது. ஜாமீன் எடுக்க ஆளில்லை. ஐம்பது நாளாக உள்ளே இருந்தாள். ஆறு வயது மகள் மேவிஸை அரசு வேறொரு குடும்பத்தில் விட்டிருந்தது. வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்ற விசாரணை.

நீதிபதி இன்னும் வரவில்லை. அரசு அவளுக்குக் கொடுத்த இலவச வக்கீல் லைல் புரூஸ்டர், என் மேஜைக்குப் பக்கத்திலேயே குனிந்து பேசினார்.

"இங்க பாரும்மா, ஒத்துக்கிட்டா இன்னைக்கே வீடு. உள்ள இருந்த நாளையே தண்டனையா கழிச்சிடுவாங்க."

"நான் எடுக்கலையே சார்."

"அத ஜூரி முன்னாடி, பன்னெண்டு பேர் உக்காந்து கேக்கற விசாரணைல, சொல்ல உனக்கு உரிமை இருக்கு. ஆனா ஜூரி அக்டோபர்லதான். அதுவரைக்கும் உள்ளதான் இருக்கணும்."

"இந்தக் கோர்ட்டுல ஜூரி வரைக்கும் போன கேஸ் உண்டா சார்?"

வாசலில் நின்ற காவலர் ஹோபர்ட் முந்திக்கொண்டார். "அந்தப் பன்னெண்டு நாற்காலியையும் வாராவாரம் தூசி தட்டறேன். எனக்காகவாவது யாராச்சும் ஒரு கேஸ் நடத்துங்கப்பா."

டார்லீன் சிரித்துவிட்டாள். பிறகு கேட்டாள்: "ஒத்துக்கிட்டா என் பொண்ணு கேஸுல இடிக்குமா?"

"அது வேற கோர்ட்டு, வேற வக்கீல். எனக்கு இந்த ஃபைல் மட்டும்தான். வெளிய இருந்தாத்தானே போய் நிக்க முடியும்?"

எங்கள் சின்ன மாவட்டத்தில் அந்த நீதிமன்றத்திலும் எழுதுவது நான்தான். இங்கே சொன்னது அங்கே எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். ஆனால் நீதிமன்ற ஊழியர் யாருக்கும் சட்ட யோசனை சொல்லக்கூடாது. எங்கள் அலுவலகக் கவுண்டரில் அதற்கென்றே பலகை தொங்குகிறது. இயந்திரத்தில் தாளைச் சரிசெய்துகொண்டேன்.

நீதிபதி ராட்லிஃப் வந்தார். வழக்கமான கேள்விகள்.

"ஜூரி விசாரணை உங்க உரிமை. விட்டுக்கொடுக்கறீங்களா?"

"ஆமா ஐயா."

"யாராவது மிரட்டினாங்களா? கட்டாயப்படுத்தினாங்களா?"

"இல்ல ஐயா."

"அந்த மாத்திரைகள நீங்க எடுத்தீங்களா?"

டார்லீன் தலையை ஆட்டினாள். இடமும் வலமும், மெதுவாக. இல்லை என்று. என் விரல்கள் நின்றன. நீதிபதி தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார்; பதில் காதில் விழாததால் நிமிராமலே சொன்னார்.

"வாயத் திறந்து சொல்லணும்மா. இவங்களால தலையாட்டலை எழுத முடியாது."

டார்லீன் என்னைப் பார்த்தாள். லைல் அவள் முழங்கையைத் தொட்டார்.

"எடுத்தேன்."

எழுதினேன். 'என் கட்சிக்காரர் இல்லைன்னு தலையாட்டினாங்க, அதப் பதிவு பண்ணுங்க' என்று லைல் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதையும் எழுதியிருப்பேன். அவர் அடுத்த ஃபைலை எடுத்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் டார்லீன் விடுதலையாகி வெளியே போகும்போது படிக்கட்டில் என்னை நிறுத்தினாள். "நான் சொன்னது சின்னக் குரலா இருந்துச்சு. உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு" என்றேன்.

வியாழக்கிழமை காலை குழந்தைகள் நலத்துறை வக்கீல் அந்தப் பதிவின் நகலை அவசரமாகக் கேட்டார். தட்டச்சு செய்து, 'முழுமையானது, சரியானது' என்று கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை டார்லீன் மேல்மாடியில், பிள்ளை வழக்கு நடக்கும் நீதிமன்ற வாசலில், ஒரு சின்ன மஞ்சள் ஜாக்கெட்டை மடித்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"இங்கயும் நீங்கதானா? நல்லதாப் போச்சுங்க. தெரிஞ்ச முகம் ஒண்ணு இருந்தா தெம்பா இருக்கு."

உள்ளே, இன்னொரு நீதிபதி, ஒரு அம்மாள். துறை வக்கீல் எழுந்து படித்தார். "ஒன்பதாம் பக்கம், பதினான்காம் வரி. பதில்: எடுத்தேன்."

"அதுக்கு முன்னாடி இல்லைன்னு தலையாட்டினேன்மா!" டார்லீன் எழுந்துவிட்டாள். "அவங்களக் கேளுங்க. அவங்க என்னையே பாத்துக்கிட்டு இருந்தாங்க."

அறை முழுக்க என் பக்கம் திரும்பியது.

"அவங்க சாட்சி இல்லம்மா" என்றார் நீதிபதி. குரல் கடுமையாக இல்லை. "பதிவுல இருக்கறதத்தான் நான் பாக்க முடியும். நீங்க ஒத்துக்கிட்டது பெருங்குற்றம். பிள்ளை இப்ப இருக்கற வீட்டுலயே இருக்கட்டும். ஆறு மாசம் கழிச்சுப் பாக்கலாம்."

டார்லீன் உட்காரவில்லை. ஜாக்கெட்டின் ஜிப்பை மேலே இழுத்தாள், கீழே இழுத்தாள். அதை நான் எழுத முடியாது. 'அவங்க என்னையே பாத்துக்கிட்டு இருந்தாங்க' என்று அவள் வாயால் சொன்னது பதிவில் இருக்கிறது. அதை ஒரு எழுத்து விடாமல் எழுதியிருக்கிறேன்.