மூச்சுக்குப் போனவர்

பூட்ஸ் கழலவில்லை. கால் வீங்கி உள்ளே இறுகிப்போயிருந்தது. அவள் காய் நறுக்கும் கத்தியை எடுத்துவந்து கயிற்றை ஒவ்வொரு கண்ணாக அறுத்தாள். சிமெண்ட் ஊறி ஊறிக் கயிறு கம்பியாகியிருந்தது. அப்பாவின் குதிகாலைத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டு இழுத்தாள். கழன்றபோது ஒரு பிடி சாம்பல் தூள் தரையில் கொட்டியது.

"மெதுவா, பாப்பா," என்றார் சுவரோரம் நின்ற பொடியன்.

"இனிமே என்ன மெதுவா."

ஐம்பத்துநாலு வயதில் அவளைப் பாப்பா என்று கூப்பிட அவர் மிச்சமிருந்தார். அவருக்கு ஐம்பத்தெட்டு. சிமெண்ட் கிடங்கில் அவருக்குப் பிறகு யாரையும் வேலைக்கு எடுக்கவில்லை. எடுக்க ஆளும் வரவில்லை. அதனால் முன்பல் கொட்டிய பிறகும் பொடியன்தான். அப்பாவின் கூட்டாளி என்பதால், நாலே வயது மூத்தவரை அவள் சித்தப்பா என்று கேலியாகக் கூப்பிடப் போய் அதுவே நிலைத்துவிட்டது.

அவரோடு இன்னும் நாலு பேர் நின்றார்கள். எல்லாரும் எழுபதைத் தாண்டியவர்கள். மூன்று மாடி உடலைத் தூக்கி வந்து அரைமணி ஆகியும் ஒருவருக்கும் இரைப்பு அடங்கவில்லை. மூன்று மணி ஷிப்டுக்குத் திரும்பிவிட வேண்டும் என்று சொல்லித்தான் அவர்களை அனுப்பியிருந்தார்கள். உடலை எடுத்துப்போக வண்டி நாலு மணிக்கு.

அப்பாவுக்கு எழுபத்தாறு. ஓய்வு வயது அறுபது என்றார்கள், அறுபத்தைந்து என்றார்கள், எழுபது என்றார்கள். ஓடி வருகிறவனைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வண்டியை நகர்த்தும் ஓட்டுநர் மாதிரி, அவர் கிட்டே போகப் போக அது தள்ளிப் போனது. எழுபதுக்கு மேல் லேசான வேலை தருவதாகச் சொன்னார்கள். கிழிந்த மூட்டைக்குத் தையல் போடுவது, சிந்தியதை அள்ளுவது, தள்ளுவண்டி. அந்தப் பெயரை வைத்தவன் ஒரு மணிநேரம் அங்கே நின்று பார்த்திருக்க மாட்டான்.

சூப்பர்வைசர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறி வந்தார். அவருக்கும் அறுபத்தாறு. காதில் மிஷின்.

"நல்ல மனுஷன்மா," என்றார். பிறகு உறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "இதுல ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க. காலைல பத்து நாப்பதுக்கு டைம் கார்டு அடிச்சு வெளிய வந்திருக்காரு. பதினொண்ணேகாலுக்குத்தான் பாத்திருக்காங்க. வேலை நேரத்துல இறந்து போகலன்னு எழுதியிருக்கு."

"எங்க கெடந்தாரு?"

"மூட்டை அடுக்குக்குப் பின்னால."

"அது கிடங்குக்குள்ளதான சார்?"

"உள்ளதான். கார்டு வெளிய அடிச்சிருக்கே."

அவள் தாளை வாங்கவில்லை. அப்பாவும் அம்மாவும் இருந்த அந்த அறை கிடங்கு கொடுத்தது. வேலையிலிருக்கும்போது இறந்தால் மனைவி சாகும்வரை இருந்துகொள்ளலாம். மற்றபடி இறந்தால் முப்பது நாளில் சாவியைக் கொடுக்க வேண்டும்.

தடுப்புத் துணிக்கு உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "யாருடி அது, செருப்போட உள்ள நடக்கிறது? இப்பதான் பெருக்கினேன்."

"யாருமில்லம்மா. தூங்கு."

அம்மா விளக்குமாற்றைத் தொட்டு மூன்று வருடமாகிறது. எழுபத்துநாலு வயது. அந்தக் கட்டிலையும் அந்த ஜன்னலையும் தவிர எல்லாம் மறந்துவிட்டது. மகளோ ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். வேறு இரண்டு பெண்களோடு ஒரு அறையில் தங்கியிருக்கிறாள். அங்கே ஒரு பாய்க்கு மேல் விரிக்க இடமில்லை.

'மூச்சுக்குப் போறது' என்றால் என்னவென்று அப்பாவே அவளிடம் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். வேலை நேரத்தில் உட்கார்ந்தவனை இரண்டு முறை பார்த்துவிட்டால் 'தகுதியில்லை' என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். அதனால் ஒருவருக்கு முடியாதபோது இன்னொருவர் அவருடைய கார்டை வெளியே என்று அடித்துவிடுவார். அவர் அடுக்குக்குப் பின்னால் காலிச் சாக்கில் கால்மணி நேரம் படுப்பார். பிறகு யாராவது போய்த் தட்டி எழுப்பிக் கார்டை மறுபடி உள்ளே அடிப்பார்கள். அந்தக் கால்மணிக்குக் கூலி கிடையாது. வருடக்கணக்காக அந்தக் கிழவர்கள் இப்படித்தான் ஒருவரையொருவர் காப்பாற்றி வந்தார்கள்.

இன்று இரண்டு லாரி சேர்ந்தாற்போல் வந்துவிட்டது. தட்டி எழுப்ப யாரும் போகவில்லை.

பகல் பன்னிரண்டுக்கு அவள் மகனுக்குப் போன் செய்திருந்தாள். வேறு தேசத்தில், முதியோர் இல்லத்தில் அவனுக்கு வேலை. "வர முடியாதும்மா. இங்க ஒருத்தரு போற நெலைமைல இருக்காரு, மாத்தாள் இல்ல" என்றான். யாருடைய அப்பாவுக்கோ கையைப் பிடித்துக்கொள்ள அவள் பிள்ளை இருந்தான். அவள் அப்பா சாக்குமேல் தனியாகக் கிடந்தார்.

"கார்டை யாரு அடிச்சது?" என்று கேட்டாள்.



"அதைக் கேக்காதீங்கம்மா," என்றார் சூப்பர்வைசர். "அடுத்தவன் கார்டைத் தொட்டா அன்னிக்கே வேலை போயிடும். ரூமும் போயிடும். நான் கேக்கல. நீங்களும் கேக்க வேணாம். நானும் இன்னும் நாலு வருஷம் ஓட்டணும்."

கார்டு மிஷின் கிடங்கு வாசலில் இருந்தது. வாசல் வேலை பொடியனுடையது. அவள் தெரியாமல் கேட்கவில்லை. ஒரு மாடி கீழே, இதே அளவு அறையில், அவருடைய அம்மா கண் தெரியாமல் உட்கார்ந்திருப்பதும் அவளுக்குத் தெரியும்.

"சித்தப்பா, உங்களைத்தான் கேக்கறேன்."

"விடும்மா," என்றார் நால்வரில் ஒருவர். "போனவரு போயிட்டாரு."

"போனவருக்கா கேக்கறேன்? உள்ள கெடக்குதே, அதை எந்த அடுக்குக்குப் பின்னால கொண்டுபோய்ப் போடச் சொல்றீங்க?"



"எங்க வீட்டுலயும் ஒண்ணு உக்காந்திருக்கு, பாப்பா," என்றார் பொடியன்.

"தெரியும்."

"தெரிஞ்சுமா கேக்கற?"

"தெரிஞ்சுதான் கேக்கறேன்."

அவர் தன்னை நாலு வார்த்தை திட்டினால் நன்றாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. ஓய்வு வயதைத் தள்ளி வைத்தவர்கள் ஒருநாளும் இந்த மூன்று மாடி ஏறி வரப்போவதில்லை. கைக்கு எட்டிய தூரத்தில் இந்த மனுஷன்தான் நின்றார். அவர்கள்மேல் இருந்த கோபமெல்லாம் இவர் முகத்தில் போய் விழுந்தது. அவரும் விலகவில்லை.

"நாந்தான் அடிச்சேன் சார். அவரு வெளிய போகல, மூச்சுக்குப் போனாரு."

சூப்பர்வைசர் காதிலிருந்த மிஷினைக் கழற்றினார். சட்டை நுனியில் அதை மெதுவாகத் துடைத்தார். துடைத்துவிட்டும் மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"எனக்குக் காதுல சரியா விழல," என்றார். "யோசிச்சு இன்னொரு தடவ சொல்லு."

அவரால் செய்ய முடிந்தது அவ்வளவுதான் என்று அந்த அறையில் எல்லாருக்கும் புரிந்தது. பொடியன் அவளைப் பார்த்தார். அவள் போதும் என்று சொல்லவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை.

"பத்து நாப்பதுக்கு அவரு கார்டை நான் அடிச்சேன்," என்றார் பொடியன், இந்த முறை உரக்க.

சூப்பர்வைசர் மிஷினை மாட்டிக்கொண்டு தாளைத் திருப்பினார். அதன் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினார். நேரம், இடம், யார் அடித்தது, எதற்காக. பொடியனுக்குக் கண்ணாடி இல்லை. பக்கத்திலிருந்தவர் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தார். கையெழுத்து கோட்டுக்குக் கீழே போய்ச் சரிந்தது.

"இனிமே வர வேணாம்," என்றார் சூப்பர்வைசர். பிறகு அவளிடம், "உங்க விஷயம் ஆபீஸ்ல எடுத்துக்குவாங்க. நான் எழுதிட்டேன்" என்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

இரண்டே முக்காலுக்கு மற்றவர்களும் கிளம்பினார்கள். கண்ணாடிக்காரர் தன் கண்ணாடியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பொடியனைச் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போனார்கள். படிக்கட்டில் ஒருவர், "மூணு மணி லாரிக்கு ரெண்டு ஆள் கொறையுது" என்று சொல்வது கேட்டது.

பொடியன் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தார். அவர் நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. அவள் அடுத்த பூட்ஸை எடுத்து அறுக்கத் தொடங்கினாள். கத்தி மழுங்கியிருந்தது. பாதியில் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு வந்தாள். அவர் கையில் கொடுக்கவில்லை. அவருக்கு எட்டுகிற இடத்தில் தரையில் வைத்துவிட்டுத் திரும்பவும் அப்பாவின் காலருகே உட்கார்ந்தாள்.