தவறிக்கூட விட்டுராதீங்க

வனிதா அந்த வார்த்தையில் பாதியைத்தான் சொல்லியிருந்தாள். கரண்ட் போய்விட்டது.

மைக்கின் சிவப்பு விளக்கு அணைந்தது. மின்விசிறி முனகி நின்றது. இன்வெர்ட்டர் 'கீ' என்று ஒரு தடவை கத்திவிட்டு அதுவும் படுத்துக்கொண்டது. கம்மாய் எஃப்.எம். என்கிற சமுதாய வானொலி, கீரனூருக்கும் குடுமியான்மலைக்கும் நடுவே இருந்த அத்தனை ரேடியோக்களிலும் ஒரே நொடியில் ஊமையானது.

"பேட்டரிக்குத் தண்ணி ஊத்தச் சொன்னேன்ல?"

"ஊத்தினேன்க்கா," என்றான் ஜெரால்டு. "போன தீபாவளிக்கு."

நிலையத்தின் பொறுப்பாளர், அறிவிப்பாளர், கூட்டிப் பெருக்குபவர் எல்லாமே வனிதாதான். ஆவூர்க்காரன் ஜெரால்டு மிஷின்களைப் பார்த்துக்கொள்வான். அதற்குக் கூலியாக வாரம் ஒரு நாள் அரைமணி நேரம் கிடாரை அலறவிட அவனுக்கு அனுமதி. நிகழ்ச்சியின் பெயர் 'தகர டப்பா'. அதற்கு முன்னால் அற்புதமேரி டீச்சரின் ஜெபப் பாடல்கள். அதற்கும் முன்னால் குடுமியான்மலை இசைக் கல்வெட்டை ஒருவர் எழுத்து எழுத்தாகப் பாடிக் காட்டுவார். கோட்டைப்பட்டினத்திலிருந்து ஒரு படகுக்காரர் வாட்ஸ்அப்பில் கடல் கதை அனுப்புவார். கடலையே பார்க்காத ஆட்கள் அதைக் கேட்டுவிட்டு டீக்கடையில் காற்றின் திசையைப் பற்றிச் சண்டை போடுவார்கள். காணாமல் போன ஆடுகளின் அடையாளம் உண்டு. மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்பில் சமைத்துச் சண்டை போடும் நிகழ்ச்சி உண்டு. களையெடுக்கும் பெண்கள் ஜெரால்டின் அலறலுக்குத் தீவிர ரசிகைகள். எதற்குப் பின்னால் எது வரும் என்று சில நாள் வனிதாவுக்கே தெரியாது.

ஒன்று மட்டும் எல்லாருக்கும் தெரியும். சங்கும் சேகண்டியும் ஒலித்தால் அடுத்து வருவது துக்கச் செய்தி. கைவேலையைப் போட்டுவிட்டு, யார் பெயர் என்று ஊரே காதைக் கொடுக்கும்.

போன் அடித்தது. டீக்கடை சேவுகன்.

"வனிதா, எத்தனை மணிக்கு எடுக்குறாங்க?"

"என்னத்தை?"

"என்னத்தையா? பொணத்தைத்தான். நீயே சொல்லிட்டு நீயே கேக்குறியேத்தா. நம்ம திருப்பதியை எப்ப எடுக்குறாங்க?"

வனிதாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "எந்தத் திருப்பதி?"

"மேலப்பட்டி திருப்பதிதான். மாட்டு வைத்தியம் பாக்குற, ஒன் ரேடியோவுல மாட்டு நிகழ்ச்சி பண்ற மனுசன். பேரைச் சொன்ன, தவறிட்டாருன்னு சொன்ன, அழுகை தாங்காம ரேடியோவையே நிறுத்திட்டியே! கடையில அத்தனை பேரும் கண்ணைத் துடைச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கோம்."

போனை வைத்துவிட்டு வனிதா ஜெரால்டைப் பார்த்தாள்.

"டேய், நான் கடைசியா என்னடா சொன்னேன்?"

"சாயங்கால நிகழ்ச்சிக்கு விளம்பரம் சொன்னீங்க."

"அதைத் திருப்பிச் சொல்லு."

ஜெரால்டு அவள் குரலிலேயே இழுத்துச் சொன்னான். "நேயர்களே, நம்ம மேலப்பட்டி திருப்பதி அண்ணன்! இன்னைக்குத் தவறி…" அத்தோடு நிறுத்தி வாயைப் பொத்திக்கொண்டான். '…க்கூட விட்டுராதீங்க, நாலு மணிக்கு அவரோட மாட்டுக்கு வாயிருந்தா நிகழ்ச்சியை' என்கிற மிச்சம் கரண்டோடு போயிருந்தது.

செத்துப் போனார் என்று அந்தப் பக்கத்தில் யாரும் சொல்வதில்லை. தவறிட்டார் என்றுதான் சொல்வார்கள்.

"அதுக்காக இப்படியா எடுத்துக்குவாங்க? சங்கு ஊதினாத்தானே துக்கம்?"

ஜெரால்டு தலையைச் சொறிந்தான். "அக்கா… விளம்பரத்துக்கு முன்னால ஓடுச்சே, அந்த என் பாட்டு முடியிற எடத்துல ஒரு சங்கு வருதுல்ல. சேகண்டியோட."

"அதை எங்கடா புடிச்ச?"

"ஒரு சாவு எடுப்புலதான். ரோட்டுல போய்க்கிட்டு இருந்தாங்க. சவுண்டு அவ்வளவு பிரமாதமா இருந்துச்சு, போன்ல ரெக்கார்டு பண்ணிட்டேன்."

அவனை அடிக்க வனிதா எதையோ தேடினாள். அதற்குள் அவள் போன் மறுபடி அடித்தது.

திரையில் முத்துராஜ். திருப்பதியின் ஒரே மகன்.

முத்துராஜ் இப்போது திருச்சி ஏர்போர்ட்டில் இருக்க வேண்டும். சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலை. இரண்டு வருஷமாக அலைந்து வாங்கியது. இன்றைக்கு விமானம் ஏறாவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்கு என்று ஏஜெண்ட் கறாராகச் சொல்லியிருந்தான்.

"அத்தை," என்றான் முத்துராஜ். குரல் உடைந்திருந்தது. "ஊர்லேர்ந்து போன் பண்ணி என்னென்னமோ சொல்றாங்க. அப்பாவுக்கு என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகலைடா! கரண்ட்டு போயிருச்சு, அவ்வளவுதான்."

"கரண்ட்டு அடிச்சா செத்தாரு?"

"ஐயோ, இல்லடா! ஒங்கப்பா நல்லா இருக்காரு."

"நீங்க பாத்தீங்களா?"

வனிதா ஒரு கணம் தயங்கினாள். அந்த ஒரு கணம் போதுமாக இருந்தது.

"பாக்கல இல்ல? நான் எத்தனை தடவை அடிச்சேன் தெரியுமா, அப்பா போனே எடுக்கல. அம்மாவுக்கு அடிச்சா ஒரே அழுகைச் சத்தம். ஏர்போர்ட்டுக்கு வந்தா அழுதுருவேன், ஒரு மாட்டைப் பாக்கப் போறேன்னு காலையில சொன்னாரு. எந்த ஊரு மாடுன்னு அம்மாவுக்கும் தெரியல. அத்தை, நான் திரும்பி வாரேன்."

"டேய், பத்து நிமிசம் இரு. அங்கயே இரு. ஒங்கப்பாவையே பேச வைக்கிறேன்."

சொல்லிவிட்டாள். எப்படி என்றுதான் தெரியவில்லை.

திருப்பதியின் எண்ணுக்கு அடித்தாள். மணி போனது. போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

அதற்குள் ஜெரால்டின் போனில் செய்திகள் குவிய ஆரம்பித்தன. பைக் சறுக்கி விழுந்தாராம். இல்லை, நெஞ்சுவலியாம். மாடு முட்டியதாம். ஒருவர் ஆஸ்பத்திரியில் கண்ணால் பார்த்தாராம், முகம் அப்படியே தூங்குகிற மாதிரி இருந்ததாம்.

"கண்ணால பாத்தாராமேக்கா," என்றான் ஜெரால்டு, மெதுவாக.

வனிதா உட்கார்ந்துவிட்டாள். வெயில் ஜன்னல் வழியாக அறையைச் சுட்டது. நாம் தெரியாமல் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டோமா, இல்லை தெரியாமலே உண்மையைச் சொல்லிவிட்டோமா? பைக்கில் போன மனுஷன். போனை எடுக்கவில்லை. யாருக்கு என்ன நிச்சயம்?

"அக்கா, ஒரு ஐடியா." ஜெரால்டு லேப்டாப்பைத் திறந்தான். அதில் மட்டும் சார்ஜ் இருந்தது. "அண்ணன் குரல் நம்மகிட்ட மணிக்கணக்கா இருக்கு. நாலு வார்த்தை வெட்டி ஒட்டினா, முத்துராஜ் பிளேன் ஏறிருவான். அப்புறம் நெலைமையை நாம பாத்துக்கலாம்."

"தப்புடா."

"தப்புதான். வேற என்ன வழி இருக்கு?"

வேறு வழி வனிதாவுக்குத் தோன்றவில்லை. அவள் தலையசைத்ததும் ஜெரால்டின் விரல்கள் பறந்தன. பழைய நிகழ்ச்சிகளிலிருந்து வார்த்தைகள் துண்டு துண்டாக விழுந்தன. வனிதா முத்துராஜை அழைத்து, போனை லேப்டாப் அருகே பிடித்தாள்.

"அப்பா பேசுறாரு, கேளு."

திருப்பதியின் கரகரத்த குரல் வந்தது.

"என்னய்யா… சாப்பிட்டியா? பயப்படாமப் போ… நான் இருக்கேன்ல."

மறுமுனையில் முத்துராஜ் விசும்பினான். "அப்பா!"

"நான் இருக்கேன்ல… ஹை ஹை, வாலைத் தூக்கு!"

ஜெரால்டு பாய்ந்து லேப்டாப்பை மூடினான். ஒரு நொடி தாமதம்.

பிறகு முத்துராஜ் மிக நிதானமாகப் பேசினான்.

"அத்தை. அது எங்க வீட்டுச் செவலை கன்னு போட்டப்ப சொன்னது. நான்தான் பக்கத்துல லைட்டு புடிச்சுக்கிட்டு நின்னேன்."

"முத்து, நான் சொல்றதை…"

"அப்பா உசுரோட இருந்தா நீங்க எதுக்கு ரெக்கார்டிங் போடணும்? எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே என்னைய ஏத்தி அனுப்பப் பாக்குறீங்க. கொள்ளி போட நான் ஒருத்தன்தான் அத்தை இருக்கேன். டாக்ஸி பாக்குறேன்."

போன் துண்டிக்கப்பட்டது.

அந்த நேரம் பார்த்து மின்விசிறி சுழன்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. வனிதா மைக்கின் மேல் விழாத குறையாகப் பாய்ந்தாள். ஆனால் என்ன சொல்வது? சாகவில்லை என்று சொல்ல ஆதாரம் இல்லை. செத்தார் என்று சொல்லவும் இல்லை. வாயில் வந்ததைச் சொன்னாள்.

"நேயர்களே, அவசர அறிவிப்பு. மேலப்பட்டி திருப்பதி அண்ணே, நீங்க எங்க இருந்தாலும், உசுரோட இருந்தீங்கன்னா உடனே நிலையத்துக்குப் போன் பண்ணுங்க. உசுரோட இல்லைன்னா… பக்கத்துல இருக்கிறவங்க பண்ணுங்க."

ஜெரால்டு நெற்றியில் அறைந்துகொண்டான்.

நிலையத்தின் போன் அலறியது. ஒரு பெண் குரல், மூச்சிரைக்க.

"எவ்வளவு நேரமா அடிக்கிறது? எப்ப பாத்தாலும் லைன் பிஸி! நான் குடுமியான்மலை அழகம்மாள் பேசுறேன். ஒரு சந்தேகம் கேக்கணும்."

"அம்மா, இப்ப நேரமில்ல, ஆடு காணோம்னா சாயங்காலம்…"

"ஆடு இல்லத்தா, மாடு. ரேடியோவுல திருப்பதி தவறிட்டாருன்னு சொல்லிட்டீங்க. அப்ப எங்க கொட்டகையில மாட்டுக்குள்ள கையை விட்டுக்கிட்டு நிக்கிறது யாரு?"

வனிதா எழுந்து நின்றாள். "எ… என்ன சொல்றீங்க?"

"கன்னு குறுக்க கெடக்கு. காலையிலேர்ந்து போராடுறாரு. சட்டையைக் கழட்டி மரத்துல மாட்டிட்டாரு, அதுக்குள்ள போன் அடிச்சுக்கிட்டே இருக்கு. நான் ரேடியோவைக் கேக்குறேன், இவரைப் பாக்குறேன். எனக்குக் கைகாலெல்லாம் ஒதறுது. பேய்னா கால் தரையில படாதுன்னு சொல்வாங்களேன்னு குனிஞ்சு பாத்தேன்."

"பட்டுச்சா?"

"சாணிக்குள்ள நிக்கிறாரு. சரியாத் தெரியல."

"அம்மா, அவரேதான்! போனை அவர் காதுல வைங்க, சீக்கிரம்!"

"நான் கிட்டப் போகணுமா?" என்று அழகம்மாள் இழுத்தாள். ஆனாலும் போனாள். தூரத்தில் ஒரு பசு 'ம்மா' என்று அடிவயிற்றிலிருந்து கத்தியது.

ஜெரால்டு முத்துராஜை மறு போனில் பிடித்திருந்தான். முத்துராஜ் டாக்ஸியின் கதவைத் திறந்துகொண்டு நின்றான். வனிதா இரண்டு போன்களையும் ஸ்பீக்கரில் போட்டு, வாயோடு வாய் வைத்தாள்.

"முத்து, ஒங்கப்பா. சத்தியமா ஒங்கப்பா. பேசு!"

"யாருப்பா?" என்றது திருப்பதியின் குரல், திணறலோடு. "முத்துவா? சாப்பிட்டியாய்யா?"

பசு கத்தியது.

"அத்தை," என்றான் முத்துராஜ். "போதும் அத்தை. மறுபடியும் அதே ரெக்கார்டிங். மாடு கூட அப்படியே கத்துது."

"டேய், இது நிசம்டா!"

"அப்பவும் இப்படித்தான் சொன்னீங்க." டாக்ஸிக் கதவு சாத்தப்படும் சத்தம். "அண்ணே, வண்டியை எடுங்க. கீரனூர்."

"கீரனூரா?" திருப்பதியின் குரல் உயர்ந்தது. "கீரனூருக்கு எதுக்குடா வார? பிளேன் அங்கிட்டா நிக்குது? டேய், காலையிலேயே சொன்னேன், பாஸ்போர்ட்டைப் பின்பாக்கெட்டுல வைக்காதன்னு. எங்க வச்சிருக்க? பின்னாலதானே? எடுத்து முன்னால வைடா எருமை!"

உடையின் சரசரப்பு கேட்டது. பின்பாக்கெட்டில்தான் இருந்தது போலிருக்கிறது.

"எருமைன்னு… என்னையச் சொல்றீங்களா, அங்க இருக்கிறதையா?" என்றான் முத்துராஜ், நடுங்கும் குரலில்.

"இங்க இருக்கிறது பசுடா!"

இப்படி ஒரு பதிலை எந்த லேப்டாப்பிலும் வெட்டி ஒட்ட முடியாது. முத்துராஜ் சிரித்தானா அழுதானா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு சத்தம் வந்தது. "அப்பா… அப்பா…" என்று மட்டும் சொன்னான்.

"என்னடா அப்பா? ஒரு கை மாட்டுக்குள்ள இருக்கு, கொஞ்சிக்கிட்டு நிக்க நேரமில்ல. உள்ள ஓடு!"

டாக்ஸிக் கதவு திறந்தது. ஓடும் கால்களின் சத்தம். யாரோ அவனை வரிசையில் நிற்கச் சொல்லி அதட்டினார்கள். லைன் போய்விட்டது.

வனிதாவும் ஜெரால்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ரேடியோவில் என்ன ஓடுகிறது என்றே கவனிக்கவில்லை. வெறும் இரைச்சல்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதையும் யாரோ ஒரு நேயர் போனில் கூப்பிட்டு, கடல் சத்தம் நன்றாக இருக்கிறது என்று பாராட்டினார்.

வெகுநேரம் கழித்து வனிதாவின் போனில் ஒரு செய்தி வந்து விழுந்தது. 'ஏறிட்டேன் அத்தை. போனை அணைக்கச் சொல்றாங்க. அம்மாகிட்ட சொல்லிருங்க.'

ஜெரால்டு சிலுவைக்குறி போட்டுக்கொண்டான். வனிதா முதலில் திருப்பதியின் வீட்டுக்குச் சொல்லி அழுகையை நிறுத்தினாள். அடுத்து குடுமியான்மலைக்கு அடித்தாள். திருப்பதியே பேசினார்.

"ஏறிட்டானா? நல்லது. அது சரி வனிதா, எதுக்கு இன்னைக்கு இவ்வளவு கூத்து? இந்தம்மா என்னடான்னா என்னையப் பாத்து விபூதியை அள்ளி வீசுது."

"அண்ணே… கோவிச்சுக்காதீங்க. நீங்க தவறிட்டீங்கன்னு செய்தி போயிருச்சு."

"யாரு சொன்னது?"

"ரேடியோவுல வந்துச்சுண்ணே."

"நம்ம ரேடியோவுலயா?"

"ஆமாண்ணே."

அந்தப் பக்கம் அவர் கை கழுவிக்கொண்டிருந்த தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"அப்ப நல்லா விசாரிச்சுத்தான் சொல்லியிருப்பீங்க," என்றார் திருப்பதி, யோசனையாக.

போன் கைமாறியது. அழகம்மாளின் குரல், ரகசியமாக.

"வனிதா, கன்னுக்குட்டி வந்துருச்சு, தாயும் புள்ளையும் நல்லா இருக்குக. ஆனா இந்த மனுசன் வாசல்ல ஒக்காந்து தன் நாடியைப் புடிச்சுப் பாத்துக்கிட்டு இருக்காரு. நான் இப்ப என்ன பண்ணட்டும்?"