கனகாம்பிகை கையெழுத்துப் போட மறுத்த நாள்

தங்களை நிராகரித்த கடிதத்தைத் தங்கள் கையாலேயே தட்டச்சு செய்தவர்கள் ரொறன்ரோவில் எத்தனை பேர் இருந்திருப்பார்களோ தெரியாது. கனகாம்பிகைக்கு அது 1985 ஒக்ரோபரில் நடந்தது.

ஸ்காபரோவில் ஒரு சிறிய கந்தோரில் அவளுக்குத் தட்டச்சு வேலை. மின்கம்பி இழுக்கவோ, எரிவாயுக் குழாய் பதிக்கவோ, வீதி அகட்டவோ வேண்டுமென்றால் அது யாரோ ஒருவருடைய காணிக்குள்ளால்தான் போகவேண்டியிருக்கும். அந்தக் காணிக்காரரிடம் போய்ப் பேசி, ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கி வருவதையே தொழிலாகக் கொண்டவர்கள் அந்தக் கந்தோரில் இருந்தார்கள். வழியுரிமையாளர்கள் என்று அவர்களுக்குப் பெயர். அங்கே தலைவராக இருந்த மெக்கல்லம், கிழக்கு ரொறன்ரோ வழியுரிமையாளர் சங்கத்தின் செயலாளரும்கூட. அதனால் சங்கத்தின் மதிய போசனக் கூட்ட அறிவித்தல், செய்திமடல், பாடக் குறிப்பு எல்லாமே கனகாம்பிகையின் மேசையில்தான் அச்சாகின.

சங்கம் ஒரு பயிற்சி வகுப்பு நடத்தியது. அதை முடித்தவர்களைத்தான் கொம்பனிகள் காணிக்காரரிடம் அனுப்பும். கனகாம்பிகை அதற்கு விண்ணப்பித்தாள். மட்டக்களப்புக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், காணிப் பகுதியில் ஒன்பது வருடம் வேலை பார்த்ததையும், வாய்க்கால் வெட்டுவதற்காக வயல் எடுத்தபோது நடந்த விசாரணைகளில் இருந்ததையும் விவரமாக எழுதினாள். மூன்று பேர் கொண்ட குழு அதைப் பார்த்துவிட்டு, கனடிய அனுபவம் இல்லை என்று ஒரே வரியில் தள்ளிவிட்டது. அந்த முடிவைக் கையால் எழுதிக்கொண்டு வந்த மெக்கல்லம், அவள் முகத்தைப் பார்க்காமல் தாளை மேசைத் தட்டில் வைத்துவிட்டுப் போனார். அவள் ஒரு பிழைகூட இல்லாமல் அதை அடித்து, அவரிடமே கையெழுத்து வாங்கி, முத்திரை ஒட்டி, வோபர்னில் இருந்த தன் சொந்த விலாசத்துக்கு அனுப்பினாள்.

இரண்டு நாள் கழித்து அதை உடைத்துப் பார்த்தவன் அவள் கணவன் வீரக்குட்டி. கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை செய்பவன். வேலை உடுப்போடேயே கதிரையில் உட்கார்ந்து வாசித்தான்.

"என்னகா இது? உன்ட கந்தோர்க் கடிதமெல்லா?"

"ஓம். நான்தான் அடிச்சன்."

"மறுகா ஏன் தபால்ல போட்ட? கையில கொண்டுவந்திருக்கலாமே."

"கடிதம் எண்டா தபால்ல போகோணும். அது கந்தோர் முறை."

வீரக்குட்டிக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று விளங்கவில்லை. கனகாம்பிகை எழும்பிப் போய் அரிசியைக் களைந்தாள். வழக்கத்தைவிட இரண்டு தரம் கூடுதலாகக் களைந்தாள்.

அடுத்த வருடம் மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை, சங்கத்தின் வருடாந்தக் கருத்தரங்கு யூனியன்வில்லில் ஒரு மண்டபத்தில் நடந்தது. காலையில் பேச்சுகள். மத்தியானத்துக்குப் பிறகு எல்லோரும் ஆவலாகக் காத்திருக்கும் பேரப் போட்டி. மேடையில் ஒரு மேசை போட்டு, அதன் ஒரு பக்கத்தில் 'காணிக்காரி' இருப்பாள். இருவர் இருவராக ஐந்து அணிகள் ஒவ்வொன்றாக வந்து, எரிவாயுக் குழாய் பதிப்பதற்கு அவளிடம் கையெழுத்துக் கேட்கவேண்டும். ஓர் அணிக்கு இருபது நிமிடம். காணிக்காரியிடம் ஓர் இரகசிய அட்டை இருக்கும். உண்மையில் அவளுக்கு என்ன கவலை என்பது அதில் எழுதியிருக்கும். அவள் தானாக அதைச் சொல்லக்கூடாது. கேட்டறிந்து, அந்தக் கவலையைத் தீர்த்து எழுதித் தருபவருக்கு மட்டும்தான் கையெழுத்து.

அந்த வேடத்தை வழக்கமாகப் போடுபவர் ஓய்வுபெற்ற நாடக ஆசிரியை ஒருவர். ஒவ்வொரு வருடமும் நன்றாக அழுதுவிட்டு, கடைசியில் லோசனுக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவார். லோசன் பெரிய குழாய்க் கொம்பனி ஒன்றின் ஆள். உயரமானவன், இனிய குரல், தொடர்ந்து மூன்று வருடம் போட்டிக் கோப்பையைக் கொண்டுபோனவன். விண்ணப்பங்களைப் பார்க்கும் குழுவுக்குத் தலைவனும் அவன்தான்.

அன்று காலை அந்த அம்மா வீட்டு வாசலில் பனியில் சறுக்கி விழுந்து கையை முறித்துவிட்டார். பதிவு மேசையில் பெயர்ப் பட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த கனகாம்பிகையிடம் மெக்கல்லம் அவசரமாக வந்தார்.

"அந்தக் காணிக்காரியின் கதையைத் தட்டச்சு செய்தது நீதானே?"

"ஓம். அட்டையையும் நான்தான் அடித்தேன்."

"அப்படியென்றால் மேடையில் நீ இரு. ஒன்றும் செய்யவேண்டாம். சும்மா இருந்து, இல்லை இல்லை என்று சொன்னால் போதும்."

 தன் உச்சரிப்பைக் கேட்டு இருநூறு பேர் சிரிப்பார்களோ என்று அவள் பயந்தாள். தண்ணீர் குடிக்கலாம் என்று மண்டபத்துச் சமையலறைப் பக்கம் போனாள். அங்கே கோப்பைகளை அடுக்கிக்கொண்டு நின்ற பெண் அவளைக் கண்டதும், "அக்கா தமிழோ?" என்றாள். யூஜினி என்று பெயர், யாழ்ப்பாணத்துப் பெண், மண்டபத்தில் சாப்பாடு பரிமாறும் வேலை. கனகாம்பிகை நடந்ததைச் சொன்னாள்.

"அதுக்கேன் பயப்பிடுறியள்? இல்லையெண்டு சொல்லுறதுக்கு என்ன இங்கிலீசு வேணும்?" என்று சொல்லி யூஜினி தண்ணீரை நீட்டினாள்.

இரண்டு மணிக்கு கனகாம்பிகை மேடையேறினாள். கதைப்படி அவள் ஒஷாவாவுக்கு வடக்கே அறுபது ஏக்கர் பண்ணை வைத்திருக்கும் ஒரு கைம்பெண். நீல நிறக் கம்பளிச் சட்டையும் சேலையுமாக அவள் உட்கார்ந்ததைப் பார்த்துப் பின்வரிசையில் யாரோ மெல்லச் சிரித்தது கேட்டது. "இந்த வருடம் சுகமான வேலை" என்று லோசன் பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னதும் கேட்டது.

முதல் அணி அவளோடு சின்னப் பிள்ளையோடு பேசுவதுபோல உரத்து, ஒவ்வொரு சொல்லாகப் பேசியது. அவள் குறுக்கிடாமல் கேட்டாள். பிறகு ஒப்பந்தத்தாளைத் திருப்பி, நாலாவது பந்தியில் விரலை வைத்தாள்.

"தோண்டி முடித்த பிறகு நிலத்தின் மேற்பரப்பைப் பழையபடி ஆக்கித் தருவோம் என்று இதில் இருக்கிறது. என் வயலுக்குக் கீழே இரண்டடி ஆழத்தில் களிமண் வடிகால் குழாய்கள் போகின்றன. அது மேற்பரப்பா?"

 "அதை... அதை நாங்கள் கவனிப்போம்" என்றான் ஒருவன்.

"எந்தப் பந்தியில்?"

முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார். நடுவர் மூவரில் அவர்தான் பெரியவர். முதல் அணி கையெழுத்தில்லாமல் இறங்கியது. இரண்டாவது அணி விலையை மட்டும் ஏற்றி ஏற்றிச் சொன்னது. "விலையைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லையே" என்றாள் அவள். அவர்களும் இறங்கினார்கள். இப்போது பின்வரிசையில் சிரிப்பில்லை. கோப்பி எடுக்கப் போனவர்கள்கூடத் திரும்பி வந்து சுவரோரம் நின்றார்கள்.

மூன்றாவதாக லோசன் வந்தான். உட்கார முன் காலமான கணவருக்கு அனுதாபம் சொன்னான். பண்ணையின் அழகைப் புகழ்ந்தான். பிறகு தாழ்ந்த குரலில், "உங்கள் வீதியில் மற்ற எல்லோரும் போன கிழமையே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். நீங்கள் ஒருவர்தான் பாக்கி" என்றான்.

கனகாம்பிகைக்கு அந்த நிமிடத்தில் பயம் முழுதாக விட்டுப் போனது. இந்த வசனம் அவளுக்குப் பழக்கமானது. கச்சேரியில் வேலை செய்த காலத்தில் ஓர் அதிகாரி ஒரே வயல் வட்டையில் இருந்த பதினொரு விவசாயிகளிடம் தனித்தனியே இதைத்தான் சொன்னார். பதினொரு பேரும் மற்றப் பத்துப் பேர் போட்டுவிட்டார்கள் என்று நம்பினார்கள். விசாரணையில் அதைக் கண்டுபிடித்து முதன்முதலில் பதிவு செய்தவள் அவள்தான்.

"எந்த அயலவர்கள்? பெயரைச் சொல்லுங்கள்" என்றாள்.

லோசன் சிரித்தான். "அது அவர்களுடைய சொந்த விடயம்."

"சரி. அவர்களையே எனக்குத் தொலைபேசி எடுக்கச் சொல்லுங்கள். நான் காத்திருக்கிறேன்."

அவள் கைகளைக் கட்டிக்கொண்டு உண்மையாகவே காத்திருந்தாள்.  அந்த நேரத்தில் தண்ணீர்க் குவளையோடு மேடைக்கு வந்த யூஜினி, குனிந்து வார்க்கும்போது காதோடு சொன்னாள்: "அக்கா, விடாதேங்கோ உவனை."

லோசனின் குரலில் இனிப்புக் குறைந்தது. "உங்களுக்கு நிலைமை விளங்கவில்லை என்று நினைக்கிறேன். நீங்கள் சம்மதிக்காவிட்டால் சட்டப்படி நாங்கள் எடுத்துக்கொள்ளலாம்."

"சட்டப்படி என்றால் முதலில் எனக்கு அறிவித்தல் தரவேண்டும். நான் கேட்டால் விசாரணை வைக்கவேண்டும். அதுவரைக்கும் என் படலையைத் திறந்து ஒரு குழாயும் உள்ளே வரமுடியாது." அவள் ஒப்பந்தத்தாளை அவன் பக்கம் மெல்லத் தள்ளினாள். "வந்தவுடன் எல்லோரும் விரும்பித் தந்தார்கள் என்றீர்கள். இப்போது பறித்து எடுப்போம் என்கிறீர்கள். இரண்டில் எதை நான் நம்பட்டும்?"

முதலில் நீதிபதிதான் சிரித்தார். பிறகு மண்டபம் முழுவதும். சிரிப்பு கைதட்டலாக மாறியபோது லோசனின் இருபது நிமிடத்தில் இன்னும் ஆறு நிமிடம் மிச்சம் இருந்தது. அவன் அதைப் பயன்படுத்தவில்லை.

நாலாவது அணியும் தோற்றது. கடைசி அணியில் டார்லீன் என்ற இளம் பெண்ணும் வயதான நில அளவையாளர் ஒருவரும் வந்தார்கள். டார்லீன் தாளையே எடுக்கவில்லை.

"நாங்கள் தோண்டுகிற நாளில் உங்கள் மாடுகள் எந்தப் பக்கத்தால் மேயப் போகும்?" என்று கேட்டாள்.

கனகாம்பிகை நிமிர்ந்து உட்கார்ந்தாள். அட்டையில் எழுதியிருந்த கவலை அதுதான். அதற்குப் பிறகு பேச்சு இரண்டு காணிக்காரர் வேலியோரம் நின்று கதைப்பதுபோல ஓடியது. மாடு போக ஒரு தற்காலிகப் பாலம், உடையும் வடிகாலுக்குப் பொறுப்பு, விதைக்கிற மாதத்தில் தோண்டுவதில்லை என்ற உறுதி. அளவையாளர் மூன்றையும் தன் கையாலேயே எழுதினார். கனகாம்பிகை அதை இரண்டு தரம் வாசித்து, ஓர் இடத்தில் 'முயற்சிப்போம்' என்று இருந்ததை வெட்டி 'செய்வோம்' என்று மாற்றச் சொல்லி, அதன் பிறகே கையெழுத்துப் போட்டாள். மண்டபம் எழும்பி நின்று தட்டியது.

கோப்பை டார்லீனின் அணிக்குப் போனது. ஆனால் ஒலிவாங்கியைப் பிடித்த நீதிபதி அவர்களைப் பற்றி இரண்டு வார்த்தைதான் சொன்னார். பிறகு கனகாம்பிகையைப் பார்த்தார்.

"நான் இருபது வருடம் இப்படியான வழக்குகளைக் கேட்டவன். அம்மா, இதை எங்கே படித்தீர்கள்?"

 மெக்கல்லம் தலையைக் குனிந்துகொண்டு நிற்பது அவளுக்குத் தெரிந்தது.

"மட்டக்களப்பில், ஐயா. காணிப் பகுதியில் ஒன்பது வருடம். இந்தச் சங்கத்துக்கு அனுப்பிய விண்ணப்பத்தில் இரண்டாம் பக்கத்தில் எழுதியிருந்தேன். யாரும் பக்கத்தைத் திருப்பவில்லைப் போல."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. மெக்கல்லம் ஒலிவாங்கிக்கு வந்தார். அவருடைய முகம் சிவந்திருந்தது. "அவரை நிராகரித்த கடிதத்தில் கையெழுத்துப் போட்டவன் நான். அதை அவரைக் கொண்டே அடிக்கவும் வைத்தேன். சங்க உறுப்பினர்கள் எல்லோரும் இங்கே இருக்கிறீர்கள். அந்த ஒன்பது வருடத்தையும் முழு அனுபவமாக ஏற்று, செப்டெம்பர் வகுப்பில் இவரைச் சேர்க்கவேண்டும் என்று பிரேரிக்கிறேன். கட்டணம் சங்கத்துடையது."

யாராவது வழிமொழியவேண்டும். பல கைகள் உயர்ந்தன. ஆனால் அவற்றை முந்திக்கொண்டு எழும்பியவன் லோசன். 

"நான் வழிமொழிகிறேன்" என்றான். "இனிமேல் இவர் மேசையில் நான் இருக்கும் பக்கத்தில் இருப்பதுதான் எனக்கு நல்லது."

எதிர்த்து ஒரு கைகூட உயரவில்லை.

ஐந்து மணிக்கு வீரக்குட்டி மனைவியை ஏற்ற வந்தபோது, வாகனத் தரிப்பிடத்தில் கோட்டும் கழுத்தில் ரையும் போட்ட மனிதர்கள் வரிசையாக நின்று அவளுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மெக்கல்லம் பெயர்ப்பட்டிப் பெட்டியைத் தானே சுமந்து வந்து காரில் வைத்தார். யூஜினி ஒரு பொட்டலத்தில் மிஞ்சிய கேக் கொண்டுவந்து சன்னலால் நீட்டினாள்.

"அண்ணை, அக்காவை ஆரெண்டு நினைச்சியள்? அவையளைப் பொரிச்செடுத்திட்டா!"

வீரக்குட்டி ஒன்றும் விளங்காமல் மனைவியைப் பார்த்தான். "என்னகா செய்த நீ?"

"ஒண்டும் செய்யல்ல. கையெழுத்துக் கேட்டானுகள். நான் போடல்ல."

"அதுக்கா இவ்வளவு பேர் கை தாறானுகள்?"

அவளுக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. அடக்க முடியாத சிரிப்பு. மார்க்கம் வீதி முழுவதும் சிரித்து, இடையிடையே கதையைச் சொல்லி, லோசனின் குரலில் பேசிக் காட்டி, வோபர்ன் வந்து சேர்ந்தபோது வீரக்குட்டியும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். அன்று சமைக்கவில்லை. கேக்கைத்தான் சாப்பிட்டார்கள்.

செப்டெம்பரில் வகுப்புத் தொடங்கியது. பகலில் கந்தோரும் வாரத்தில் இரண்டு மாலை வகுப்புமாக ஒன்றரை வருடம் போனது. சட்டப் பாடத்திலும் மதிப்பீட்டுப் பாடத்திலும் அவளே முதலாவதாக வந்தாள். 1988 வைகாசியில் மெக்கல்லம் ஒரு பைலை அவள் கையில் தந்தார். ஒஷாவாவுக்குக் கிழக்கே ஒரு பால் பண்ணை, மின்கம்பிப் பாதை. முன்பு போன இரண்டு பேரை அந்தப் பண்ணைக்காரர் வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பியிருந்தார்.

கனகாம்பிகை நாலு தடவை போனாள். நாலாவது தடவை அவர் சமையலறை மேசையில் பால் கோப்பியும் வைத்து, தாளை வாசித்து, பேனாவைக் கேட்டு வாங்கினார். அது அவள் தொழிலில் பெற்ற முதல் கையெழுத்து.

நன்றி சொல்லிவிட்டு நிதானமாக நடந்து வந்து காரில் ஏறினாள். பண்ணை வீடு மறையும் வரைக்கும் நிதானமாகவே ஓட்டினாள். பிறகு சரளை வீதியின் ஓரமாக நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, அந்தப் பரந்த வெளியைப் பார்த்துத் தொண்டை கிழிய ஒரு கூவல் கூவினாள். வேலிக்கு அப்பால் மேய்ந்துகொண்டிருந்த பசு ஒன்று தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, மறுபடி புல்லுக்குக் குனிந்தது.