நான்காம் படுக்கையின் கேஸ் ஷீட்

திங்கட்கிழமை காலை ஏழரைக்குச் செங்கொடி டியூட்டிக்கு வந்தபோது, ஐ.சி.யூ.வின் நான்காம் படுக்கையில் கிடந்தவரின் இரண்டு கைகளும் பேண்டேஜ் துணியால் கட்டில் கம்பியோடு கட்டப்பட்டிருந்தன.

"வயலண்ட் கேஸ்," என்றாள், இரவு டியூட்டி முடித்துப் புறப்பட்டுக்கொண்டிருந்த நர்ஸ் ஷைனி. "ரெண்டு வாட்டி டிரிப்ப புடுங்கிட்டாரு. எட்டு பெட்டுக்கு நான் ஒருத்தி. வேற இன்னா பண்றது, சொல்லு."

அவர் பெயர் அருள்நாதன். வயது ஐம்பத்தெட்டு. காசிமேட்டில் விசைப்படகுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். சனிக்கிழமை சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, திருவொற்றியூரில் இருந்த அந்தத் தனியார் மருத்துவமனைக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆபரேஷன் நடந்தது.

செங்கொடி கேஸ் ஷீட்டைப் புரட்டினாள். நோயாளியின் கையைக் கட்ட வேண்டுமென்றால் டாக்டர் நேரில் வந்து பார்த்து, காரணத்தை எழுதிக் கையெழுத்திட வேண்டும். வீட்டாருக்குச் சொல்ல வேண்டும். இரண்டு மணிக்கொரு தடவை கட்டை அவிழ்த்து விரல்களைப் பார்த்து, நேரத்தோடு குறிக்க வேண்டும். அதற்கென்றே ஒரு மஞ்சள் படிவம் உண்டு. அதில் அருள்நாதனின் பெயர் மட்டும் இருந்தது. மற்றதெல்லாம் காலி.

வார்டு பொறுப்பாளர் பெர்சிஸ் சிஸ்டர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். இருபத்திரண்டு வருட அனுபவம் அவருக்கு.

"புதன்கிழமை ஆஸ்பத்திரி தரத்த ஆடிட் பண்ண வர்றாங்க. இத ரொப்பிடு. பத்து, பன்னெண்டு, ரெண்டு, நாலு, ஆறு. எல்லாத்துலயும் நார்மல்னு போடு. ஆர்டருக்கு அஃப்ரித் டாக்டர்கிட்ட நான் கையெழுத்து வாங்கிக்கிறேன்."

"நைட்டு நான் வியாசர்பாடில எங்க வூட்ல இருந்தேன் சிஸ்டர். பாக்காதத எப்டி எழுதுறது?"

"எல்லாரும் எழுதுறதுதான்."

செங்கொடி படுக்கையருகே போனாள். வலது கை விரல்கள் வீங்கி நீலம் பாரித்திருந்தன. அவர் திமிறவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டுக்குள்ளேயே விரல்களை மடக்கினார், விரித்தார், கீழ்ப்பக்கமாகச் சுட்டினார். மறுபடி அதையே செய்தார். மறுபடியும்.

"ஐயா, வலிக்குதா?"

பதில் இல்லை. அவளுக்கு ஒரு சந்தேகம். அவர் தலைக்குப் பின்னால் போய் பலமாகக் கை தட்டினாள். அடுத்த படுக்கைக்காரர் திடுக்கிட்டார். அருள்நாதனின் இமைகூட அசையவில்லை.

செங்கொடி வலது கைக் கட்டை அவிழ்த்தாள். இடது கையையும் அவிழ்த்துவிட்டு, உதவியாளரைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு வெளியே ஓடினாள். மாடிப்படி ஓரத்தில் அருள்நாதனின் மனைவி சிலுவையம்மாள் சனிக்கிழமையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். பார்வையாளர் நேரம் மாலை நான்கு மணிக்குத்தான்.

"அம்மா, அவருக்குக் காது கேக்காதா?"

"பொறவியிலேயே கேக்காது கண்ணு. பேச்சும் வராது. வந்த அன்னிக்கே சொன்னேனே. சீட்டு போடுற எடத்துல சொன்னேன், தள்ளிக்கினு போன பையன்கிட்ட சொன்னேன். யாரும் எழுதிக்கலியா?"

செங்கொடி அவளைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துவந்தாள். "ராத்திரி பூரா முரண்டு புடிச்சாரும்மா," என்று பெர்சிஸ் சிஸ்டர் தடுக்க வந்தார். அதற்குள் சிலுவையம்மாள் புருஷனின் மணிக்கட்டைப் பார்த்துவிட்டாள்.

"கையக் கட்டிட்டீங்களா?" அவள் குரல் உயரவில்லை. "முப்பது வருசமா இந்தக் கையாலதான் என்னாண்ட பேசிக்கினு கீறாரு. வாயப் பொத்திட்டு, கத்துறான்னு சொல்றீங்களே."

அருள்நாதனின் விரல்கள் வேகமாக ஓடின. சிலுவையம்மாள் படித்துச் சொன்னாள். "ஒண்ணுக்கு எறங்கவே இல்லியாம். அடிவயிறு வெடிக்குதாம். ராத்திரி பூரா அதத்தான் சொல்லிக்கினு இருந்தாராம்."

செங்கொடி குனிந்து, கட்டிலுக்கடியில் தொங்கிய சிறுநீர்ப் பையைப் பார்த்தாள். கேஸ் ஷீட்டில் மணிக்கு ஐம்பது மில்லி சிறுநீர் வந்ததாக இரவு முழுக்க எழுதியிருந்தது. பையில் ஒரு டம்ளர்கூடத் தேறாது. டாக்டர் அஃப்ரித் வந்து அடைத்திருந்த குழாயை மாற்றினார். ஒரு லிட்டருக்கு மேல் வந்தது. அருள்நாதன் நீண்ட மூச்சு விட்டு, மனைவியின் கையைப் பிடித்தபடியே தூங்கிப்போனார். பிறகு அவர் எந்தக் குழாயையும் தொடவில்லை.

செங்கொடி உட்கார்ந்து எழுதினாள். 'காலை 7.40. இரு கைகளும் கட்டப்பட்டிருந்தன. டாக்டரின் ஆர்டர் இல்லை. இரவு பரிசோதித்ததற்குப் பதிவு இல்லை. வலது கை விரல்களில் வீக்கம், நீலம். கட்டு அவிழ்க்கப்பட்டது. நோயாளிக்குக் காது கேட்காது, சைகையில் பேசுபவர். சிறுநீர்க் குழாய் அடைத்திருந்தது.' கீழே நேரமும் கையெழுத்தும் போட்டாள்.

படித்த பெர்சிஸின் முகம் வெளுத்தது. "இத எடுத்துட்டு வேற ஷீட் எழுது. ஷைனி வேல போயிடும். உன் வேலையும்."

"ஷைனி ஒண்டியா எட்டு பேரப் பாத்தா. அதையும் எழுதுறேன் சிஸ்டர். ஆனா கிழிக்க மாட்டேன்."

அடுத்த வரியாக அதையும் எழுதினாள்.

மறுநாள் அவளை ஓ.பி.க்கு மாற்றினார்கள். விளக்கம் கேட்டு ஒரு நோட்டீஸும் வந்தது. பி.பி. பார்த்துக்கொண்டே, எழுதியதில் எந்த வரியை மாற்றலாம் என்று யோசித்துப் பார்த்தபோது, மாற்ற ஒரு வரியும் அகப்படவில்லை.

புதன்கிழமை ஆடிட் குழுவோடு வந்த மூத்த பெண் டாக்டர் தானே அலமாரியைத் திறந்து, கை கட்டப்பட்ட நோயாளிகளின் கேஸ் ஷீட்டுகள் ஐந்தை எடுத்தார். அரை மணி நேரம் கழித்துச் செங்கொடியைக் கூப்பிட்டனுப்பினார்கள். அறையில் மருத்துவமனைக் கண்காணிப்பாளர், பெர்சிஸ், டாக்டர் அஃப்ரித் மூவரும் இருந்தார்கள். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"இந்த நாலு ஷீட்லயும் ஒரு குறையும் இல்ல," என்றார் அந்த டாக்டர். "நாலு பேரையும் ஒரே நர்ஸ், ஒரே ராத்திரி, ஒரே நிமிஷத்துல பாத்திருக்காங்க. அஞ்சாவதுலதான் எல்லாமே தப்பு. நான் நம்புறது இது ஒண்ணத்தான். இத மாத்தி எழுதச் சொன்னாங்களா?"

செங்கொடி தரையைப் பார்த்தாள்.

"நான் சொன்னேன் டாக்டர்," என்றார் பெர்சிஸ். அவர் எழுந்து நின்றிருந்தார். "அந்த நாலையும் ரொப்பச் சொன்னதும் நான்தான். ஒவ்வொரு ஆடிட்டுக்கும் இப்டித்தான். இந்தப் பொண்ணு மாட்டேன்னுட்டா. நைட்டுக்கு ரெண்டு நர்ஸ் வேணும்னு மூணு வருஷமா கேட்டுக்கிட்டிருக்கேன். அதையும் எழுதிக்குங்க."

கண்காணிப்பாளர் ஏதோ சொல்ல முயன்றார். அந்த டாக்டர் எழுதிக்கொண்டிருந்தார்.

குறைகளைச் சரிசெய்ய மருத்துவமனைக்கு மூன்று மாதக் கெடு கிடைத்தது. அந்த வாரமே செங்கொடியின் நோட்டீஸ் திரும்பப் பெறப்பட்டது. அவள் ஐ.சி.யூ.வுக்குத் திரும்பினாள். ஷைனியின் வேலை போகவில்லை. இரவில் அவளோடு இன்னொரு நர்ஸ் சேர்ந்தாள். அட்மிஷன் படிவத்தின் முதல் வரியிலேயே 'நோயாளி எப்படிப் பேசுவார்?' என்று ஒரு கேள்வி அச்சானது. அருள்நாதன் பன்னிரண்டாம் நாள் வாக்கரைப் பிடித்து நடந்தே வெளியே போனார்.

மாதக் கடைசியில் ஒருநாள் பிற்பகல், கொருக்குப்பேட்டையிலிருந்து வந்த ஒரு பெரியவர் குழம்பிய நிலையில் டிரிப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். கீழ்த்தளத்திலிருந்த ஒரு டாக்டர் போனிலேயே, "கட்டிப் போடுங்க, அப்புறம் எழுதிக்கலாம்," என்றார்.

"நீங்க மேல வந்து பாத்து எழுதுங்க டாக்டர்," என்றார் பெர்சிஸ். "அதுவரைக்கும் நான் அவரு பக்கத்துல உக்காந்திருக்கேன்."

போனை வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். செங்கொடி டிரிப் ஊசியின் மேல் துணியைச் சுற்றி மறைத்தாள். பெர்சிஸ் பெரியவரின் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, பேரன் பேத்தி எத்தனை என்று கேட்கத் தொடங்கினார். டாக்டர் மூச்சு வாங்க மாடியேறி வந்தபோது பெரியவர் நான்காவது பேத்தியின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மஞ்சள் படிவத்தை எடுக்க வேண்டிய தேவையே வரவில்லை.